ஃபிட்ஸ்ஜெரால்டுக்குப் பின்னால் வந்த கப்பல் என்ன ஆனது?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். போன வீடியோவில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பல் வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் மூழ்கிய கதையைச் சொன்னேன் இல்லையா, அதற்குக் கீழே ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, பின்னாடியே ரேடியோவில் பேசிக்கொண்டு வந்த ஆண்டர்சன் கப்பல் கரை சேர்ந்ததா? அதை எப்போது உடைத்தார்கள்?"

கரை சேர்ந்தது. உடைக்கவில்லை. 1952-ல் தண்ணீரில் இறக்கிய கப்பல், எழுபது வயதைத் தாண்டியும் ஓடியது. எல்லோரும் அந்த ஒரு ராத்திரியை வைத்தே ஆர்தர் எம். ஆண்டர்சனைப் பேசுகிறார்கள், ஆனால் எனக்கு அது பார்த்த மற்ற வேலைதான் சுவாரசியம்.

முதலில் அந்த ராத்திரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் பார்ப்பவர்களுக்காக. 1975 நவம்பர் 9. ஃபிட்ஸ்ஜெரால்ட் சுப்பீரியர் துறைமுகத்திலிருந்தும், ஆண்டர்சன் டூ ஹார்பர்ஸிலிருந்தும் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு கிளம்புகின்றன. புயல் என்று தெரிந்ததும் வடகரை ஓரமாகச் சேர்ந்தே போகிறார்கள். மறுநாள் ஃபிட்ஸ்ஜெரால்டின் ரேடார் இரண்டுமே போய்விடுகிறது, கப்பல் ஒரு பக்கம் சாய்கிறது, பின்னால் வருகிற ஆண்டர்சன்தான் தன் ரேடாரைப் பார்த்து "நீங்கள் இந்த இடத்தில் இருக்கிறீர்கள்" என்று வழி சொல்லிக்கொண்டு வருகிறது. சாயங்காலம் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு பேரலைகள் ஆண்டர்சன் மேலேயே ஏறிப் போயின, தண்ணீர்மட்டத்திலிருந்து 35 அடி உயரத்தில் இருந்த, கப்பலை ஓட்டும் பிரிட்ஜ் தளம் வரை தண்ணீர் வந்தது என்று அதன் கேப்டன் பெர்னி கூப்பர் பிறகு சொன்னார். அதே அலைகள்தான் முன்னால் போன கப்பலை அடித்திருக்கும் என்பது அவருடைய கணிப்பு. 7.10-க்கு ஆண்டர்சனிலிருந்து "உங்கள் பிரச்சினையெல்லாம் எப்படி இருக்கிறது" என்று கேட்கிறார்கள், சமாளித்துக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வருகிறது, அதற்கப்புறம் பனிப்பொழிவில் ரேடாரில் அந்தப் புள்ளியைக் காணோம். அதில் இருந்த 29 பேரும் போய்விட்டார்கள்.

கூப்பர் எப்படியோ வைட்ஃபிஷ் வளைகுடாவுக்குள் வந்து மூச்சுவிடுகிறார். அப்போது கடலோரக் காவல் படை கேட்கிறது: திரும்பப் போய்த் தேட முடியுமா? யோசித்துப் பாருங்கள், அந்த அலையில் அவ்வளவு நீளக் கப்பலைத் திருப்புவதே ஆபத்து. ஆனாலும் போனார். ஃபிட்ஸ்ஜெரால்டின் உயிர்காக்கும் படகுகள் கிடைத்தன, ஆள் யாரும் இல்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஆண்டர்சன்தான் மூத்தது, ஃபிட்ஸ்ஜெரால்ட் 1958-ல்தான் தண்ணீரில் இறங்கியது. ஒஹாயோவின் லொரெய்னில் கட்டும்போது ஆண்டர்சனின் நீளம் 647 அடி. 1974-75 குளிர்காலத்தில், அதாவது அந்தப் புயலுக்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான், சுப்பீரியர் நகரத்தில் இருக்கும் ஃப்ரேசர் கப்பல் கட்டும் தளத்தில் அதை நடுவில் இரண்டாக வெட்டி, முன்பாதியையும் பின்பாதியையும் விலக்கி, இடையில் 120 அடிக்குப் புது உடம்பு ஒன்றைச் சொருகி வெல்டிங் வைத்தார்கள். 767 அடி ஆகிவிட்டது. தையற்காரர் பேன்ட்டுக்கு ஒட்டுப்போட்டு நீளமாக்குவது மாதிரிதான். ஒட்டுப்போட்ட கப்பல் தாங்கியது! இதற்கு ஒரு விலையும் உண்டு: கடலுக்குப் போகும் செயின்ட் லாரன்ஸ் பாதையின் லாக்குகளில், அதாவது கப்பலைத் தண்ணீரோடு ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகளில், 740 அடிக்கு மேல் நுழைய முடியாது, அதனால் இது இனி ஏரிகளை விட்டு வெளியே போகவே முடியாது. போக வேண்டிய தேவையும் இல்லை என்று வையுங்கள். மினசோட்டாவில் தாது, தெற்கே கேரியிலும் கானியாட்டிலும் ஸ்டீல்காரர்களின் துறை, இரண்டுக்கும் நடுவில் ஏரிதான் ரோடு.

அடுத்த ஆபரேஷன் 1981-82-ல். என்னைக் கேட்டால் கப்பலின் ஆயுளைக் காப்பாற்றியது இதுதான். அதற்கு முன்னால் வரை சரக்கை இறக்கக் கரையில் இருக்கும் இயந்திரத்தை நம்பித்தான் இருந்தது. ஹுலெட் என்று ஒரு ராட்சத இயந்திரம் உண்டு, அதன் தொங்கும் காலுக்குள்ளேயே, வாளிக்குச் சற்று மேலே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார், வாளியோடு சேர்ந்து அவரும் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி, ஒரு தடவைக்குச் சுமார் 17 டன் அள்ளிக்கொண்டு மேலே வருவார். நாள் முழுக்க இதே வேலை. மாற்றி அமைத்தபிறகு சரக்கு அறையின் அடி சரிவாகிவிட்டது, கதவைத் திறந்தால் தாது தானாகக் கீழே இருக்கும் கன்வேயர் பெல்ட்டில் விழும், அங்கிருந்து மேலே ஏறி, பூம் என்கிற 250 அடி நீளக் கை வழியாகக் கரையில் கொட்டும். இந்தத் தாதுகூடக் கல்லாக வராது, டகோனைட் என்கிற இரும்புத்தாதுப் பாறையை அரைத்துப் பிசைந்து சுட்டுச் சின்னச் சின்ன உருண்டைகளாக்கி அனுப்புகிறார்கள், கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் சிறியது, அதனால் பெல்ட்டில் நன்றாக ஓடும். கிரேனே இல்லாத ஒரு குட்டித் துறையில்கூடச் சுண்ணாம்புக்கல்லையோ நிலக்கரியையோ கொட்டிவிட்டுப் போகலாம். தாது வியாபாரம் படுத்தாலும் கப்பலுக்கு வேலை கிடைத்தது இப்படித்தான்.

இவ்வளவு வருடம் எப்படி என்றால், முதல் காரணம் நன்னீர். கடல் கப்பலை உப்பு தின்றுவிடும், 25, 30 வருடத்தில் உடைக்கப் போய்விடும். ஏரியில் துரு மெதுவாகத்தான் பிடிக்கும். அப்புறம் குளிர்காலத்தில் சுப்பீரியர் ஏரியின் வாசலில் இருக்கும் சூ லாக்குகளை ஜனவரி 15-லிருந்து மார்ச் 25 வரை மூடிவிடுவார்கள், அதனால் வருடாவருடம் பழுதுபார்க்க நேரம் கிடைக்கிறது. இன்னொன்று சட்டம்: அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் சரக்கேற்றும் கப்பல் அமெரிக்காவிலேயே கட்டியதாக இருக்க வேண்டும், அங்கே புதிதாகக் கட்டுவது கொள்ளை விலை. 1983-க்கு அப்புறம் ஏரிகளுக்கென்று அங்கே கட்டிய முதல் புது சரக்குக் கப்பல் 2022-ல்தான் வந்தது. கையில் இருப்பதை ஏன் உடைப்பார்கள்?

கஷ்டமே படவில்லை என்று சொல்லமாட்டேன். 2015 பிப்ரவரியில் ஈரி ஏரியில் கானியாட் பக்கத்தில் உறைபனியில் பல நாட்கள் மாட்டிக்கொண்டது, உதவிக்குப் போன அமெரிக்கக் காவல் படைக் கப்பலே திணற, கனடாவின் பனி உடைக்கும் கப்பல் கிரிஃபன் வந்து பனியை உடைத்து வெளியே கொண்டுவந்தது. 2017 ஜனவரியில் மினசோட்டாவின் டுலூத் துறைமுகத்தில் கட்டிப்போட்டார்கள். இனி அவ்வளவுதான், பழைய இரும்புக்குத்தான் என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 2019 ஜூலையில் பழுதுபார்த்து, அதே நீராவி டர்பைனோடு கிளம்பியது.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. அங்கே மாலுமிகள் இதைக் கப்பல் என்று சொல்ல மாட்டார்கள், 767 அடியாக இருந்தாலும் படகுதான். டுலூத் தூக்குப்பாலத்தைத் தாண்டும்போது மூன்று நீளம், இரண்டு குட்டை என்று ஹாரன் அடிக்கும், பாலமும் அதே மாதிரி பதில் கொடுக்கும். ஆண்டர்சன் ஹாரனைக் கேட்கவே கால்வாய் ஓரமாகக் கூட்டம் நிற்கும். ஹெட்போன் போட்டு அந்த வீடியோ ஏதாவது ஒன்றைக் கேட்டுப்பாருங்கள், சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.