பந்தைக் காட்டுங்க

வணக்கம் நேயர்களே.

சின்ன வயதில் ஓடிப்பிடித்து விளையாடும்போது இந்தச் சண்டை போடாதவர்கள் இருக்க மாட்டீர்கள். "தொட்டுட்டேன், நீ அவுட்!" "சட்டையிலதான் பட்டுச்சு, என் மேல படலை!" யாருடைய குரல் பெரிதோ அவர் ஜெயித்தார். பந்தை அடித்துவிட்டு 'பேஸ்' என்ற நான்கு இடங்களைத் தொட்டுச் சுற்றி ஓடும் சாஃப்ட்பாலிலும் பேஸ்பாலிலும் அதே சண்டைதான். என்ன, நடுவில் ஒரு அம்பயர் நிற்பார். பல வருடம் அப்படி நின்று திட்டு வாங்கியவன் நான். போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன், இங்கே சட்டையில் பட்டாலும் அவுட்தான்.

ஓடுகிறவரை அவுட் ஆக்க இரண்டு வழி. பின்னால் ஒருவர் ஓடி வந்து நெருக்குகிறார், இருக்கும் பேஸைக் காலி செய்தே ஆக வேண்டும் என்றால், பந்தை வைத்திருப்பவர் அடுத்த பேஸை மிதித்தாலே போதும். நெருக்க ஆள் இல்லையென்றால் ஓடுகிறவரின் மேல் பந்து பட வேண்டும். அதுதான் டேக். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பின்னால் வந்தவர் முதலில் அவுட் ஆகிவிட்டால் நெருக்கடியும் அவரோடு போய்விடும், அதன் பிறகு ஆளைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். இதை மறந்துவிட்டு, பேஸை மட்டும் மிதித்துக் கையைத் தூக்கிக் கொண்டாடும் ஃபீல்டர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன்.

முதல் பேஸில் அம்பயர் வேலையில் பாதி காதுக்கு. வானொலிக்குப் பொருத்தமான சங்கதி இது. கண்ணைப் பேஸில் வைத்து, ஓடி வருபவரின் கால் எப்போது படுகிறது என்று பார்ப்போம். பேஸை மிதித்து நிற்கும் ஃபீல்டரின் கிளவில், அதாவது கையுறையில், பந்து விழும் 'டப்' சத்தத்தைக் காதில் வாங்குவோம். எது முந்தியதோ அதுவே தீர்ப்பு. டேக்கில் இந்தக் காது உதவாது. அங்கே 'டப்' கேட்டதும் பார்வையாளர்கள் எழுந்துவிடுவார்கள். "பந்து எப்பவோ வந்தாச்சு, ஆள் இப்பதான் வர்றான்!" வந்தால் என்ன? பந்து வந்ததற்கு அவுட் கிடையாது, பட்டதற்குத்தான் அவுட். கிளவ் நெஞ்சுயரத்தில் காத்திருக்கும், அதன் அடியில் சறுக்கி வந்த கால் பேஸைத் தொட்டிருக்கும். திரும்பவும் சொல்கிறேன், பந்து முந்தி வந்தது என்பது ஒன்றையும் நிரூபிக்காது.

என் கதை ஒன்று. நான் அம்பயராகி இரண்டாவது வருடம், ஓட்டம் முடியும் கடைசி பேஸான ஹோம் பிளேட்டில் ஒரு டேக். ஓடி வந்த பெண் சறுக்கினார், புழுதி எழுந்தது, அங்கே பந்து பிடிக்க நிற்கும் கேட்சர் கிளவை வீசினார், முழங்காலில் பட்டதை என் கண்ணால் பார்த்தேன். "அவுட்!" முஷ்டியை மடக்கிக் கையை உயர்த்தினேன், பெரிய ஆள் மாதிரி. புழுதி இன்னும் அடங்கவில்லை. என் ஷூவில் ஏதோ மெதுவாக வந்து இடித்தது. குனிந்து பார்த்தால், மஞ்சள் பந்து. பட்ட வேகத்தில் கிளவிலிருந்து நழுவிவிட்டிருக்கிறது. பந்து பிடியில் நிற்கவில்லையென்றால் அது டேக்கே இல்லை. தூக்கிய கையை இறக்கி, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து "சேஃப்" என்றேன். இரண்டு அணியின் பயிற்சியாளர்களும் ஒரே நேரத்தில் என்னை நோக்கி வந்தார்கள். ஒருவருக்கு முதல் தீர்ப்பு வேண்டும், இன்னொருவருக்கு இவ்வளவு நேரம் என்ன யோசனை என்று தெரிய வேண்டும்!

அன்று மாலை மூத்த அம்பயர் ஒருவர் சொன்னார்: "தம்பி, கை எங்கயும் ஓடிப் போயிடாது. பந்து எங்கன்னு முதல்ல பாரு." அதிலிருந்து டேக் முடிந்ததும் ஒரு மூச்சு நிறுத்துவேன். "பந்தைக் காட்டுங்க" என்பேன். கிளவ் திறந்து பந்து தெரிந்த பிறகுதான் கை மேலே போகும். வெறும் கையில் பந்தை வைத்துக்கொண்டு காலி கிளவால் தொடுகிறவர்களும் உண்டு. அதுவும் டேக் இல்லை.

அடுத்தது, எங்கே நிற்பது. கிட்டே போனால் நன்றாகத் தெரியும் என்று நினைப்பீர்கள். இப்போது இரண்டு உள்ளங்கைகளையும் நேருக்கு நேர், நூலளவு இடைவெளி விட்டுப் பிடியுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். பக்கவாட்டில் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. புறங்கைப் பக்கமாகப் பாருங்கள், கண்ணுக்கு அருகில் கொண்டுவந்தாலும் ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அம்பயர் தேடுவது அந்த வெளிச்சத்தைத்தான். அதற்காக இரண்டு அடி தள்ளி நிற்கவும் தயங்க மாட்டோம்.

1955 செப்டம்பர் 28, அமெரிக்க பேஸ்பாலின் உலகத் தொடரில் முதல் ஆட்டம். புரூக்ளின் டாட்ஜர்ஸின் ஜாக்கி ராபின்சன் எட்டாவது இன்னிங்ஸில், பந்து அடிபடக் காத்திராமலே ஓடி, ஹோம் பிளேட்டையே 'திருடினார்'. அம்பயர் பில் சம்மர்ஸ் "சேஃப்" என்றார். எதிரணியான யாங்கீஸின் கேட்சர் யோகி பெர்ரா குதி குதியென்று குதித்தார். அத்தோடு விட்டாரா? 2015இல் கண்ணை மூடும்வரை "அவன் அவுட்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். படம் இருக்கிறது, இன்றைக்கும் பார்த்துப் பார்த்துச் சண்டை போடுகிறார்கள்.

2014இல் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் காணொளி மறுஆய்வை டேக்குக்கும் நீட்டித்தது. அதன் பிறகு புது வகை அவுட் ஒன்று பெருகியது. சறுக்கி வந்தவர் பேஸைத் தொட்டுவிடுவார், வேகத்தில் உடம்பு பேஸிலிருந்து ஒரு விரற்கடை எழும்பும், பந்துள்ள கிளவ் அப்போதும் அவர் மேலேயே ஒட்டியிருக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும். விதிப்படி அவுட்தான். ஆனாலும் ஜெயித்து வந்தவனை அப்படி அனுப்ப எனக்கு மனசு வராது.

ஐயையோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள். மூன்றடி விதியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். டேக்கிலிருந்து தப்ப மூன்றடிக்கு மேல் விலகி ஓடினால் அவுட். அந்தக் கோடு பேஸுக்குப் பேஸ் போட்ட கோடு இல்லை. ஃபீல்டர் தொட முயலும்போது ஓடுகிறவர் எங்கே இருக்கிறாரோ, அங்கிருந்து பேஸுக்குப் போகும் கோடு. பந்து கையில் இல்லாத ஃபீல்டர் வழியை மறித்தால் என்ன ஆகும் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தேன், மறிக்கக் கூடாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வணக்கம்.