செலவான பணம், முடிந்த வேலை

வணக்கம். கட்டட வேலை நடக்கிற இடத்தில் "எவ்வளவு முடிந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "90 சதவீதம்" என்பார்கள். அடுத்த மாதம் கேட்டாலும் அதே 90தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கட்டடத்தின் கணக்கு என் பொறுப்பில் இருந்தது. 12 மாத வேலை. ஆறாவது மாதக் கடைசியில் பணத்தில் சரிபாதி செலவாகியிருந்தது. பாதிக் காலம், பாதிப் பணம். எல்லாம் திட்டப்படி போகிறது என்று எழுதிக் கொடுத்தேன். மூத்த பொறியாளர் படித்துவிட்டு, "வேலை எங்கே தம்பி இதில்?" என்றார். எழுந்து என்னைக் கட்டடத்துக்குள் கூட்டிப் போனார். அறை அறையாக நின்றோம். பூச்சு அரைச்சுவரோடு நிற்கும். "பூச்சு இல்லைன்னு எழுது" என்பார். ஜன்னல் சட்டம் சுவரில் சாய்ந்திருக்கும், "மாட்டினால்தான் கணக்கு." அரைகுறை எதற்கும் மதிப்புக் கிடையாது. அன்று மாலை, மொத்த வேலையை 100 பங்காக வைத்துக் கூட்டிப் பார்த்தபோது 50 பங்கு முடிந்திருக்க வேண்டிய இடத்தில் 40 பங்குதான் இருந்தது.

ஆக, மூன்று எண்கள். இந்நேரம் முடிந்திருக்க வேண்டிய வேலை, நிஜமாக முடிந்த வேலை, செலவான பணம். நம்மில் பலர் முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் ஒப்பிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். நடுவில் இருப்பதைத்தான் நடந்து போய் எண்ண வேண்டும்.

எண்ணினால் என்ன கிடைக்கும்? 50 பங்குப் பணத்துக்கு 40 பங்கு வேலை. 40ஐ 50ஆல் வகுத்தால் 0.8. மொத்தம் 100ஐ அந்த 0.8ஆல் வகுங்கள், 125. இதே போக்கில் போனால் செலவு கால் பங்கு கூடும் என்று ஆறாம் மாதமே தெரிந்துவிட்டது. கையில் பாதிப் பணம் இருக்கும்போதே தெரிந்தது, அதுதான் பெரிது. இதற்கு ஈட்டிய மதிப்பு என்று பெயர். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1967இல் தன் பெரிய ஒப்பந்தங்களுக்கு இதை விதியாக்கியது.

திட்டமே அரைகுறையாக இருந்தால் எதனோடு ஒப்பிடுவது? சிட்னி ஓப்பரா மாளிகையை வரைபடங்கள் முடியாமலே 1959இல் கட்டத் தொடங்கினார்கள். 70 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டது 10 கோடியே 20 லட்சத்தில் முடிந்தது. 1963இல் திறக்க வேண்டியதை 1973இல் திறந்தார்கள்.

பாதி வழியில் திட்டத்தை மாற்ற வேண்டி வந்தால் என்ன செய்வது என்று விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரமாகிவிட்டதென்று சைகை காட்டுகிறார்கள். இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: புதுத் திட்டம் போடுங்கள், பழையதை அழிக்காதீர்கள். தேதியும் காரணமும் எழுதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வணக்கம்.