கடலுக்கு யார் அடி பார்ப்பது?

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் மீனைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள், நன்றி. முன்வரிசையில் ஆற்றுப்பாசனக்காரர்கள் நிறைய, கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர்கள் பின்னால் இருக்கிறீர்கள். இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த ஒன்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மே மாதக் கடைசியில் நம்ம ஊர் விவசாயி பேப்பரைத் திறந்ததும் எதைத் தேடுகிறார்? பாபநாசம் எத்தனை அடி, மணிமுத்தாறு எத்தனை அடி. ஒன்று நிறைந்தால் 143 அடி, இன்னொன்று 118 அடி. ஜூன் 1-ஆம் தேதி கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்பதற்கு அந்த எண்தான் பதில். அணையில் இருப்பதைப் பார்த்துத்தான் வாய்க்காலில் எவ்வளவு விடுவது என்று முடிவெடுக்கிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் புரண்டு ஓடுகிறது, அதனால் அணை நிறைந்துதான் இருக்கும் என்று யாராவது சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா?

கடல் விஷயத்தில் நாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இன்றைக்குக் கரையில் இத்தனை டன் இறங்கியது, அப்போ கடலில் மீன் இருக்கிறது என்கிறோம். இறங்கியது வாய்க்கால் தண்ணீர். அணையில் என்ன மிச்சம் என்பதை அது சொல்லாது.

கனடாவின் கிழக்குக் கரையில் நியூஃபவுண்ட்லாந்து என்று ஒரு தீவு. காட் மீனுக்குப் பேர் போன கடல், பல நூறு வருஷமாகப் பிடித்த இடம். 1968-இல் மட்டும் அங்கே ஏறக்குறைய 8 லட்சம் டன் பிடித்தார்கள். அப்புறம் பிடிப்பு சரிந்தது, அந்நிய நாட்டுக் கப்பல்களை வெளியேற்றினார்கள், வருஷத்துக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று வரம்பும் போட்டார்கள். வரம்பு இருந்தும் அந்தக் கடல் காலியானது, அதனால்தான் இந்தக் கதையை எல்லா ஊரிலும் சொல்கிறேன். பெரிய இழுவைக் கப்பல் ஒரு மணி நேரம் மடி, அதாவது பை மாதிரி இருக்கும் இழுவலை, இழுத்தால் எவ்வளவு கிடைக்கிறது என்பது அவர்கள் கணக்கில் பெரிய இடம் பிடித்திருந்தது. காட் மீன் குறையக் குறைய மிச்சமிருந்தவை ஒரே இடத்தில் கூட்டமாக ஒதுங்கின. கப்பலுக்கு எதிரொலிக் கருவி இருக்கிறது, தேடி நேராக அந்தக் கூட்டத்தின் மேலேயே போய் நிற்கும், மடி நிறையும். மடி நிறைவதைப் பார்த்து கடலும் நிறைந்திருக்கிறது என்று எழுதினார்கள். கரையோரத்தில் சின்னப் படகு வைத்திருந்தவர்கள் மீன் சிறுத்துவிட்டது, வரவில்லை என்று கத்தினார்கள், அது எடுபடவில்லை. 1992 ஜூலை 2-ஆம் தேதி மொத்தமாகத் தடை போட்டார்கள். சுமார் 30,000 பேருக்கு ஒரே அடியில் வேலை போனது. அந்தத் தடையை எடுத்தது 2024-இல், அதுவும் முதல் வருஷத்துக்கு 18,000 டன் என்ற வரம்போடு. 32 வருஷம்! அன்றைக்கு வேலை இழந்தவருடைய பேரன் படகேறும் வயதுக்கு வந்திருப்பான்.

சரி, வரம்பு என்பதை எப்படித்தான் போடுவது? அடிப்படை ரொம்ப எளிது. யாரும் தொடாத கடலில் மீன் கூட்டம் நெரிசலாக இருக்கும், இரை போதாது, பிறப்பதும் சாவதும் சரியாகப் போய்விடும். கொஞ்சம் களைந்தால் மிச்சமுள்ளவை வேகமாக வளரும், முட்டைக் குஞ்சு நிறையப் பிழைக்கும். பழைய சூத்திரப்படி கூட்டம் ஏறக்குறைய பாதியாக இருக்கும்போது வருஷ வளர்ச்சி உச்சத்தில் இருக்கும். அந்த வளர்ச்சி எவ்வளவோ அவ்வளவுதான் எடுக்கலாம். நிலைக்கும் உச்சப் பிடிப்பு என்று அதைச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த உச்சத்தைத் தொடவே கூடாது. எண்ணுவதில் பிழை வரும், ஒரு வருஷம் கடல் சூடாகும், ஒரு வருஷம் நீரோட்டம் மாறும். கீழேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நாடும் தன் கடலில் எவ்வளவு பிடிக்கலாம் என்று தீர்மானிக்க வேண்டும் என 1982 கடல் சட்ட உடன்படிக்கை சொல்கிறது, இந்தியா 1995-இல் அதை ஏற்றுக்கொண்டது.

ஆனால் நம்ம கரையில் டன் கணக்கு வரம்பு நடைமுறையில் இல்லை. விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருக்கிறது. 2017-க்கு முன்னால் அது 45 நாளாக இருந்தது. வலைக்கண் அளவுக்கு விதி இருக்கிறது, இரண்டு படகு சேர்ந்து ஒரே மடியை இழுக்கும் இரட்டைமடிக்குத் தடை இருக்கிறது. இதையெல்லாம் நான் மதிக்கிறேன். டன் கணக்கு இங்கே கஷ்டம் என்பதற்கும் நியாயமான காரணம் உண்டு. காட் மீன் கடலில் மடி போட்டால் பெரும்பாலும் காட் மீன். உவரியிலோ கூத்தங்குழியிலோ ஒரு வலையை உதறினால் சாளை, காரல், விளமீன், பாறை, நண்டு, கணவாய் என்று கலந்து விழும். ஒன்றுக்கு மட்டும் வரம்பு முடிந்துவிட்டது என்றால் அதைச் செத்த பிறகு கடலில் வீசிவிட்டு வருவார்கள், ஏட்டில் மட்டும் கணக்கு சரியாக இருக்கும்.

ஆனால் தனியாக, உயிரோடு பிடிபடுகிற ஒன்று நம்மிடம் இருக்கிறது, சிங்கி இறால். சிறு வயதில் அப்பாவோடு வலை தட்டியிருக்கிறேன். ஒரு நாள் விடியற்காலையில் வலைக்கண்ணில் மாட்டிய சிங்கியை நான் மீசை ஒடியாமல் கழற்றித் திருப்பினேன். வால் மடிப்புக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் கடுகு கடுகாக முட்டை, கொத்தாக ஒட்டியிருந்தது. விரல் பட்டதும் வாலைச் சுருட்டி அதை மூடிக்கொண்டது. "எலே, அது முட்டச் சிங்கி, விட்ரு" என்றார் அப்பா. விட்டேன். சில வருஷம் கழித்து அதே கரையில், ஏற்றுமதிக்கு எடுக்கும் ஒரு வியாபாரியின் ஆள் முட்டையைத் தூரிகையால் தேய்த்துக் கழுவிவிட்டு எடைக்குப் போட்டதைப் பார்த்தேன். லட்சக்கணக்கான முட்டை, ஒரு வாளித் தண்ணீரில் போனது. அன்றைக்கு அப்பாவும் பக்கத்தில்தான் நின்றார், ஒன்றும் பேசவில்லை, எங்கள் வீட்டில் கடன் இருந்தது.

2003-இல் மத்திய அரசு சிங்கி ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை வைத்தது. நம்ம பாறைச் சிங்கிக்கு 200 கிராம். நல்ல விதி. ஆனால் அது ஏற்றுமதிப் பெட்டியைத்தான் பார்க்கிறது. 150 கிராம் சிங்கி உள்ளூரில் கறிக்குப் போகிறதே, அதை யார் பார்ப்பது? மும்பைக் கடலில் மடிச் சிங்கி என்று ஒரு வகை டன் டன்னாக இறங்கியது, 1994-இல் அந்தத் தொழிலே இல்லாமல் போயிற்று. கேரளத்தில் மத்தி, நாம் சாளை என்பது, 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடித்தார்கள், 2021-இல் 3,297 டன். கடல் மாறியது ஒரு காரணம், குஞ்சை அள்ளியது இன்னொரு காரணம். 10 சென்டிமீட்டருக்குக் கீழே மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது 2015-இல்.

எண்ணிவிட்டு அள்ளுவது நமக்குப் புதிதும் இல்லை. மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம், அதாவது முத்துக் குளிப்பு, நடந்த காலத்தில் கடலடியில் சிப்பி விளையும் பாரில் இறங்கி மாதிரிக்குச் சிப்பி எடுத்துப் பார்ப்பார்கள். முற்றவில்லை என்றால் அந்த வருஷம் குளிப்பு கிடையாது. அரசாங்கம் தன் வருமானத்துக்காகச் செய்ததுதான். ஆனாலும் முறை சரி. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்ற கட்டுப்பாடு இன்றும் நம் கடற்கரை ஊர்களில் இருக்கிறது, அதற்குப் போலீஸ் தேவைப்படவில்லை.

பங்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐஸ்லாந்தில் 1984-இல் படகுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தார்கள், பிறகு அந்த உரிமையை விற்கலாம் என்றும் ஆக்கினார்கள். மீன் தப்பியது. ஆனால் சின்ன ஊர்களின் பங்கை பெரிய கம்பெனிகள் வாங்கிவிட்டன, படகுத்துறை மட்டும் மிஞ்சிய ஊர்கள் உண்டு. இங்கே எப்போது வரம்பு வந்தாலும் பங்கு ஊருக்குத்தான் வர வேண்டும், யாரும் விற்க முடியாதபடி வர வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பின்வரிசையில் இருக்கும் தம்பிகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஒவ்வொரு கரையிலும் ஏலக்காரர் தினமும் நோட்டு எழுதுகிறார். யார் வள்ளம், எத்தனை கிலோ, என்ன விலை. அதில் நான்கு பத்தி கூடுதலாகப் போடுங்கள். எத்தனை மணி நேரம் கடலில் நின்றார்கள், எத்தனை லிட்டர் எண்ணெய் எரிந்தது, பத்து சிங்கியை அளந்தால் எத்தனை 200 கிராமுக்குக் கீழே, எத்தனை முட்டையோடு. அதே பத்துக் கிலோவுக்குப் போன வருஷம் 20 லிட்டர் எரித்தவர் இந்த வருஷம் 35 லிட்டர் எரித்தால் அணையில் அடி இறங்குகிறது என்று அர்த்தம். விஞ்ஞானிகள் மாதிரி எடுத்துக் கணக்குப் போடுகிறார்கள், போடட்டும். வரம்பு பேசும் கூட்டத்தில் ஊர்க் கமிட்டி வெறுங்கையோடு போய் உட்காரக் கூடாது, அந்த நோட்டோடு போக வேண்டும். கோடு போட்ட நோட்டு இருபது வாங்கி வந்திருக்கிறேன், வாசல் பக்கம் மேஜையில் இருக்கிறது, கூட்டப்புளியிலிருந்து உவரி வரைக்கும் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் போகும்போது ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.