இரண்டு வழியில் சிதையும் பொட்டாசியம்-40

வணக்கம் நண்பர்களே. அணுக்கருவில் நியூட்ரான் புரோட்டானாகவோ, புரோட்டான் நியூட்ரானாகவோ மாறுவதுதான் பீட்டா சிதைவு. அதைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் நான் முதலில் எடுப்பது பொட்டாசியம்-40. நம் எல்லோர் உடம்பிலும் இருக்கும் பொருள் இது. வளர்ந்த ஒருவரின் உடலில் நொடிக்கு 4,000-க்கும் மேற்பட்ட பொட்டாசியம்-40 அணுக்கள் சிதைகின்றன. இந்த நொடியிலும்தான்!

பலகையைப் பாருங்கள். பொட்டாசியம்-40-இன் அணுக்கருவில் 19 புரோட்டான், 21 நியூட்ரான். இரண்டுமே ஒற்றைப்படை. அணுக்கருவில் புரோட்டான் புரோட்டானோடும், நியூட்ரான் நியூட்ரானோடும் ஜோடி சேர்ந்தால் ஆற்றல் குறையும், நிலைத்தன்மை கூடும். இங்கே இரண்டு வகையிலும் ஒன்று துணையின்றி நிற்கிறது. இப்படி இருந்தும் நிலையாக இருப்பவை டியூட்டீரியம், லித்தியம்-6, போரான்-10, நைட்ரஜன்-14 போன்ற வெகு சிலவே.

இடப்பக்கம் ஆர்கான்-40, வலப்பக்கம் கால்சியம்-40. இரண்டிலும் எல்லாம் ஜோடி சேர்ந்திருக்கிறது. பொட்டாசியம்-40-ஐவிட இரண்டுக்கும் ஆற்றல் குறைவு. ஆகவே பொட்டாசியத்துக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது. சுமார் 89 சதவீதம், ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, எலக்ட்ரானையும், எதிர்நியூட்ரினோ என்ற மின்னூட்டமற்ற நுண்துகளையும் வெளியேற்றிக் கால்சியமாகிறது. ஏறத்தாழ 11 சதவீதம், தன்னைச் சுற்றும் எலக்ட்ரான் ஒன்றையே அணுக்கரு உள்ளிழுத்துக்கொண்டு ஆர்கானாகிறது.

சரி, வழி திறந்திருந்தும் ஏன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், 125 கோடி ஆண்டுகள்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அணுக்கருவின் சுழற்சியை அளக்கும் தற்சுழற்சி எண் பொட்டாசியம்-40-க்கு 4, கால்சியம்-40-க்குச் சுழியம். அந்த வித்தியாசம் முழுவதையும் வெளியேறும் எலக்ட்ரானும் எதிர்நியூட்ரினோவும் சுமந்து போக வேண்டும். அது நடப்பதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆற்றல் அனுமதித்தாலும் சுழற்சி தடுக்கிறது. அந்தத் தடை இல்லாவிட்டால், பூமி தோன்றியபோது இருந்த பொட்டாசியம்-40 எப்போதோ தீர்ந்துபோயிருக்கும்.

நம் காற்றில் ஆர்கான் 0.93 சதவீதம். அதில் 99 சதவீதத்துக்கும் மேல் ஆர்கான்-40. இவ்வளவு எங்கிருந்து வந்தது? பொட்டாசியத்திலிருந்துதான் என்று 1937-இல் இயற்பியலாளர் வைசேக்கர் ஊகித்தார். 1948-இல் ஆல்ட்ரிச், நியர் என்ற இரு இயற்பியலாளர்கள் பொட்டாசியம் நிறைந்த பழைய கனிமங்களில் ஆர்கான்-40 சேர்ந்திருப்பதை அளந்து காட்டினார்கள்.

எரிமலைப் பாறையின் வயதைக் கணக்கிடவும் இதுவே உதவுகிறது. குழம்பாக இருக்கும்போது ஆர்கான் வாயு வெளியேறிவிடுகிறது. இறுகிய பிறகு பிறப்பது உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. கால்சியம்தானே அதிகம் உண்டாகிறது, அதை அளக்கலாமே என்று கேட்பீர்கள். பாறையில் கால்சியம்-40 முன்பே ஏராளமாகக் கிடக்கிறது. புதிதாகப் பிறந்ததைப் பிரித்தறிவது பெரும்பாடு. அதனால்தான் அந்த 11 சதவீத வழியைப் பிடித்துக்கொண்டார்கள்.