விடை எந்தப் பக்கம் இருக்கும்?

வணக்கம் நேயர்களே. ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் திரும்பத் திரும்ப வரும் கணக்குகள் சிலவற்றை இன்று சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம்.

முதல் கணக்கு. ஒரு வேலையை ஒருவர் 6 நாளில் முடிப்பார், இன்னொருவர் 12 நாளில் முடிப்பார், இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்? இதைப் படித்தவுடனே நிறையப் பிள்ளைகள் 6-ஐயும் 12-ஐயும் கூட்டி 18 என்பார்கள், இல்லாவிட்டால் பாதியாக்கி 9 என்பார்கள். சூத்திரம் தெரியாததல்ல இங்கே குறை. படித்த கையோடு கணக்கில் இறங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். கொஞ்சம் நில்லுங்கள். முதல் ஆள் தனியாகவே 6 நாளில் முடித்துவிடுவார், அவருக்கு ஒரு துணையும் வந்தபிறகு 6 நாளுக்கு மேல் எப்படி ஆகும்? ஆக, விடை 6-க்குக் கீழேதான். சரி, எவ்வளவு கீழே? வந்த துணையும் அவரைப் போலவே வேகமான ஆள் என்றால்கூட 3 நாள் ஆகும், இவரோ மெதுவான ஆள், அதனால் 3-க்கு மேல். இன்னும் பென்சிலைத் தொடவில்லை, அதற்குள் விடை 3-க்கும் 6-க்கும் நடுவில் என்று தெரிந்துவிட்டது.

இப்போது போடலாம். மொத்த வேலையை 12 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் 12? 6-க்கும் 12-க்கும் மீச்சிறு பொது மடங்கு அதுதான், அதனால் பின்னமே வராது. முதல் ஆள் ஒரு நாளில் 2 பங்கு, அடுத்தவர் 1 பங்கு, சேர்ந்தால் 3 பங்கு. 12-ஐ 3-ஆல் வகுத்தால் 4 நாள். நாம் சொன்ன இடத்திலேயே வந்து நிற்கிறது பாருங்கள்.

அடுத்தது சராசரி வேகம். போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது 40. சராசரி 50 என்று பெரியவர்களே சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஆனால் மெதுவாக வந்த பயணத்துக்குத்தானே அதிக நேரம் பிடித்தது? அப்படியென்றால் சராசரி 40-ன் பக்கம்தான் சாயும், 50-க்குக் குறைவாகத்தான் இருக்கும். தூரத்தை 120 கிலோமீட்டர் என்று வைத்துப் பாருங்கள்: போக 2 மணி, வர 3 மணி, மொத்தம் 240 கிலோமீட்டர், 5 மணி நேரம், மணிக்கு 48. தூரம் 120 இல்லாமல் 600 ஆனாலும் இதே 48 வரும், சந்தேகம் இருந்தால் போட்டுப் பாருங்கள்.

சதவீதமும் அப்படித்தான். விலையை 20 சதவீதம் ஏற்றி, பிறகு 20 சதவீதம் இறக்கினால் பழைய விலைக்கே வராது. 100 என்பது 120 ஆகிறது, இறக்கும்போது அந்த 120-ல்தான் 20 சதவீதம், அதாவது 24 போகிறது, மிச்சம் 96.

சமன்பாட்டுக்கு வருவோம். இங்கேதான் எனக்கு மனத்தாங்கல் அதிகம், ஏனென்றால் ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொடுத்துவிடுகிறோம், ஏன் மாறும் என்று சொல்வதில்லை. சமக்குறியை 1557-ல் ராபர்ட் ரெக்கார்ட் என்ற கணித அறிஞர் அறிமுகப்படுத்தியபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளை விடச் சமமானது வேறெதுவும் இல்லை என்று காரணம் சொன்னார். இரண்டு பக்கமும் சமம், இதை மட்டும் பிள்ளை பிடித்துக்கொண்டால் போதும். 3x + 7 = 22. இரண்டு பக்கத்திலும் 7-ஐக் கழியுங்கள், 3x = 15. இரண்டு பக்கத்தையும் 3-ஆல் வகுங்கள், x = 5. எதுவும் எங்கேயும் ‘போகவில்லை’. அப்புறம் 5-ஐத் திரும்பப் போட்டுப் பாருங்கள்: 15-ம் 7-ம் 22. இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம்கூட ஆகாது, ஆனாலும் தேர்வில் பாதிப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் வரும் குழப்பத்தையும் இப்படியே தீர்க்கலாம். 10 − (x − 3) என்பதை 10 − x − 3 என்று எழுதிவிடுவார்கள். கழிக்கவேண்டியது x-ஐ விட 3 குறைவானது, நாமோ x முழுவதையும் கழித்துவிட்டோம், அதிகமாக எடுத்த 3-ஐத் திருப்பித் தர வேண்டாமா? அதனால் 10 − x + 3. நம்பிக்கை வரவில்லையா, x-க்கு 5 போடுங்கள்: அடைப்புக்குறிக்குள் 2, 10-ல் 2 போக 8. நாம் எழுதியதிலும் 8. தவறாக எழுதியதில் 2.

கடைசியாக ஒன்று, இதை நீங்களே போடுங்கள். ஒரு தொட்டியை ஒரு குழாய் 4 மணி நேரத்தில் நிரப்பும், அடியில் இருக்கும் இன்னொரு குழாய் நிறைந்த தொட்டியை 6 மணி நேரத்தில் காலி செய்யும். காலித் தொட்டியில் இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் நிரம்புமா? நிரம்பும் என்றால், 4 மணி நேரத்துக்கு மேலா, கீழா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு, அப்புறம் தொட்டியை 12 பங்காக வைத்துப் போட்டுப் பாருங்கள். நன்றி, வணக்கம்.