வெளியுறவு அமைச்சகத்திடம் கணக்குக் கேட்பது யார்?

வணக்கம் மக்களே. பிரதமரின் வெளிநாட்டுப் பயணச் செலவு பற்றிக் கமெண்டில் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். முதலில் அதைப் பார்த்துவிடுவோம். மல்லிகார்ஜுன கார்கே மாநிலங்களவையில் கேட்ட கேள்விக்கு 2025 மார்ச்சில் பதில் வந்தது. 2022 மே முதல் 2024 டிசம்பர் வரை 38 பயணங்கள், செலவு சுமார் 258 கோடி ரூபாய். அதில் 2023 ஜூன் மாத அமெரிக்கப் பயணத்துக்குத்தான் அதிகம், 22 கோடிக்கு மேல்.

கேட்க வேண்டிய கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதிலைத் தந்த வெளியுறவு அமைச்சகத்துக்கு 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கியது 20,516 கோடி. அதில் பூட்டானுக்கு உதவியாக மட்டும் 2,150 கோடி. அதைப் பற்றி டிவியில் யாராவது வாய்ச்சண்டை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

மக்களவையில் அதற்கு நேரம் கிடைப்பது அபூர்வம். ஒவ்வொரு அமைச்சகமும் தன் செலவுக்கு மானியக் கோரிக்கை வைக்கும். சில அமைச்சகங்களின் கோரிக்கையை மட்டும் எடுத்து விவாதிப்பார்கள். மிச்சமிருப்பதையெல்லாம் கடைசி நாளில் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விட்டு முடித்துவிடுவார்கள். இதற்கு கில்லட்டின் என்று பெயர். 2018-லும் 2023-லும் அவையில் ஒரே அமளி, அதனால் ஒரு அமைச்சகத்தின் கோரிக்கையைக்கூட விவாதிக்காமல் எல்லாவற்றையும் நிறைவேற்றிவிட்டார்கள்.

அப்படியானால் கேள்வி கேட்பது யார்? நாடாளுமன்றத்தின் வெளியுறவு நிலைக்குழு, அதாவது அமைச்சகத்தின் வேலையையும் செலவையும் ஆராயும் எம்.பி.க்கள் குழு. மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்கள் இதில் உறுப்பினராக முடியாது. பட்ஜெட் தாக்கலானதும் அவைக்கு இடைவெளி விடுகிறார்களே, அந்த நேரத்தில்தான் வெளியுறவுச் செயலாளரும் அதிகாரிகளும் இந்தக் குழுவின் முன் வந்து உட்கார வேண்டும். கேமரா கிடையாது, பத்திரிகையாளர்களுக்கும் அனுமதி இல்லை. அறிக்கை அவையில் வைக்கப்படும்வரை உள்ளே பேசியது ரகசியம். என்னைக் கேட்டால் இது நல்லதுதான். கேமரா இருந்தால் நம் எம்.பி.க்கள் செயலாளரைப் பார்த்துப் பேசமாட்டார்கள், தொகுதியைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

2024 செப்டம்பரிலிருந்து இதன் தலைவர் சசி தரூர். முன்பு இதே அமைச்சகத்தில் இணை அமைச்சராக இருந்தவர், எந்த அலமாரியில் எந்தக் கோப்பு இருக்கும் என்று தெரிந்தவர். வங்கதேச நிலவரம், 2025 மே மாதம் பாகிஸ்தானோடு நடந்த மோதல் என்று பெரிய விவகாரங்களுக்கெல்லாம் வெளியுறவுச் செயலாளர் விக்ரம் மிஸ்ரி இந்தக் குழுவிடம் வந்து விளக்கம் சொல்லியிருக்கிறார்.

இப்போது பூட்டானுக்கு வருவோம். 2,150 கோடி என்றதும் 'சும்மா தூக்கிக் கொடுக்கிறார்களா' என்று கோபம் வரும். அதில் நீர்மின் திட்டப் பணமும் உண்டு, அதற்குள் கடனும் உண்டு. உதாரணத்துக்கு புனாட்சாங்சூ-1, 1,200 மெகாவாட் திட்டம். இந்தியா தரும் பணத்தில் 40 சதவீதம் திருப்பித் தர வேண்டாத மானியம், 60 சதவீதம் கடன். பூட்டான் மின்சாரத்தை இந்தியாவுக்கு விற்றுக் கடனை அடைக்கும் என்பது ஏற்பாடு. ஆனால் அணை கட்டும் இடத்தில் 2013-ல் மலைச்சரிவு நகர ஆரம்பித்தது, வேலை வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. ஏன் தாமதம், செலவு எவ்வளவு ஏறியது, அந்த இடத்தைத் தேர்வு செய்தது யார்? பயணச் செலவை விட இந்தக் கேள்விகளுக்குத்தான் எனக்குப் பதில் வேண்டும்.

இலங்கைக்கு அதே பட்ஜெட்டில் 300 கோடி ரூபாய். ஆனால் 2022 நெருக்கடியில் இந்தியா செய்த உதவி சுமார் 400 கோடி டாலர். எப்படி என்கிறீர்களா? அதில் பெரும்பகுதி எக்சிம் வங்கி (ஏற்றுமதி, இறக்குமதிக்கான அரசு வங்கி), ஸ்டேட் வங்கி கொடுத்த கடன், ரிசர்வ் வங்கியின் நாணயப் பரிமாற்றம் (கரன்சி ஸ்வாப்) என்ற வழிகளில் போனது. வெளியுறவு அமைச்சகத்தின் பட்ஜெட் புத்தகத்தை மட்டும் புரட்டினால் அது கண்ணில் படாது. இந்தக் குழுவின் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான். கொள்கை இவர்கள் கேள்வி கேட்கும் அமைச்சகத்தின் கையில், பணத்தில் ஒரு பகுதி வேறு வாசல் வழியாகப் போகிறது.

இன்னொரு வேடிக்கை இருக்கிறது. எம்.பி.க்கள் என்றால் செலவைக் குறை என்பார்கள் என்றுதானே நினைப்போம்? இந்தக் குழுவினர் அமைச்சகத்தைப் பார்த்து 'உங்களுக்குப் பணம் போதாது' என்று அறிக்கைகளில் எழுதுகிறார்கள். மொத்த பட்ஜெட்டில் நூறு ரூபாய்க்கு நாற்பது பைசாதான் இந்த அமைச்சகத்துக்கு. ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) அதிகாரிகள் சுமார் ஆயிரம் பேர்தான், உலகம் முழுக்க அவர்களை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். அமைச்சகமும் சந்தோஷமாகத் தலையாட்டுகிறது, நிதி அமைச்சகம் மட்டும் அசைவதில்லை.

அப்புறம், குழு சொல்வது பரிந்துரை மட்டுமே, கட்டாயம் கிடையாது. ஆனால் அரசு மூன்று மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதில்களைப் பார்த்துவிட்டு குழு இன்னொரு அறிக்கை போடும், நடவடிக்கை அறிக்கை என்று. நாடாளுமன்ற இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முழுவதும் படிக்கப் பொறுமை இல்லையென்றால் நேராக நான்காவது அத்தியாயத்துக்குப் போங்கள். 'இந்தப் பதிலை நாங்கள் ஏற்கவில்லை' என்று குழு சொன்னதெல்லாம் அங்கேதான் இருக்கும். அடுத்த வீடியோவில் அதிலிருந்து சிலவற்றைப் பார்ப்போம்.