சென்னை வானொலியின் செலவை ஏற்றவர்கள்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

நம் நகரத்து வணிக வானொலியின் வரலாற்றைச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் அறிவிப்பாளர்களின் குரல்வளத்திலிருந்தோ பாட்டு நிகழ்ச்சிகளிலிருந்தோ தொடங்குவார்கள். நான் பணத்திலிருந்து தொடங்குகிறேன். ஒலிபரப்பின் செலவை யார் ஏற்றார்களோ, அவர்களே நாம் எதைக் கேட்கலாம் என்பதையும் பெருமளவு தீர்மானித்தார்கள் என்பது என் உறுதியான கருத்து.

1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் தோன்றிய சென்னை மாகாண வானொலிக் கழகம், 40 வாட் திறனுள்ள சிறிய ஒலிபரப்பியைக் கொண்டு மாலை வேளைகளில் இசையும் உரையும் வழங்கியது. ஆர்வலர்களின் சந்தாவும் நன்கொடையும் எத்தனை நாள் தாங்கும்? 1927-இல் பணமில்லாமல் கழகம் மூடப்பட்டது. ஒலிபரப்பி மாநகராட்சியின் கைக்குப் போனது. 1930 ஏப்ரல் முதல் நாள், வீட்டு வரியும் தண்ணீர் வரியும் வாங்குகிற அதே மாநகராட்சி, ஊராருக்குப் பாட்டும் ஒலிபரப்பத் தொடங்கியது. உள்ளாட்சி அமைப்பொன்று இப்படிச் செய்ததை நாம் இன்னும் போதிய அளவு போற்றவில்லை. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கப்பட, மாநகராட்சியின் பணி முடிவுக்கு வந்தது. அதன்பின் பல ஆண்டுகள், வானொலிப் பெட்டி வைத்திருப்பவர் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தி வந்தார்.

விளம்பரக் காசு நம் காதுக்கு முதலில் கடல் கடந்துதான் வந்தது. 1950-இல் இலங்கை வானொலி தன் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில், மத்திய அமைச்சர் பி. வி. கேஸ்கரின் கொள்கையால் இங்கே திரையிசைக்கு இடம் சுருங்க, நேயர்கள் கொழும்பின் பக்கம் திரும்பினார்கள். அந்த நாட்களில் பழைய வண்ணாரப்பேட்டையிலும் இராயபுரத்திலும், மொட்டை மாடியில் இரண்டு கம்பங்களுக்கிடையே கட்டிய ஏரியல் கம்பிதான் ஒரு வீட்டில் வானொலி இருப்பதற்கு அடையாளம். பெட்டியைத் திருகியதும் பாட்டு வந்துவிடாது. வால்வு சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு ஓர் இரைச்சல் எழும். முள்ளை மயிரிழை அளவு நகர்த்தி நகர்த்தி, அலை தேய்ந்து மறைவதற்குள் குரலைப் பிடிக்க வேண்டும். பாட்டுக்காக அத்தனை பொறுமையோடு உட்கார்ந்தவர்கள், இடையில் வந்த சோப்பு விளம்பரத்தையும் ஒரு சொல் விடாமல் கேட்டார்கள்.

இந்திய வணிகர்களின் பணம் கொழும்புக்குப் போவதைக் கண்ட பிறகே இங்குள்ள கொள்கை அசைந்தது. 1957 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலியின் பாட்டுச் சேவையான விவித் பாரதி பிறந்தது. அதில் விளம்பரம் 1967-இல் பம்பாயிலும் 1969-இல் சென்னையிலும் இடம்பெற்றது. நொடிக்கணக்கில் அளந்து விற்கப்பட்ட அந்த நேரம்தான் ‘தேன் கிண்ணம்’ போன்ற நிகழ்ச்சிகளை நம் டீக்கடைகளிலும் முடிதிருத்தும் கடைகளிலும் அன்றாடம் ஒலிக்கச் செய்தது.

பண்பலை (எஃப்.எம்) 1977-லேயே சென்னைக்கு வந்துவிட்டது. ஆனால் அதைக் கேட்கும் பெட்டிகள் அப்போது அரிதாக இருந்தன. 1993 முதல் 1998 வரை அரசு தன் பண்பலை நேரத்தைத் தனியாருக்குப் பகுதி பகுதியாக விற்றுப் பார்த்தது. பின்னர் அலைவரிசைகளையே ஏலம் விட்டபோது, நிறுவனங்கள் கேட்ட தொகைகள் எல்லை மீறின. ஆண்டுதோறும் 15 விழுக்காடு உயரும் உரிமக் கட்டணத்துக்கு அஞ்சிப் பலர் பின்வாங்கினார்கள். துணிந்து நின்றவற்றுள் சூரியன் எஃப்.எம்மும் ரேடியோ மிர்ச்சியும் 2003-இல் சென்னையில் ஒலிக்கத் தொடங்கின. நிலையான கட்டணத்துக்குப் பதிலாக வருவாயில் 4 விழுக்காடு என்று 2005-இல் விதி மாறியது. அதன்பின் ஹலோ எஃப்.எம், பிக் எஃப்.எம் முதலியவையும் வந்து சேர்ந்தன. பண்பலை அலை நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டிப் போவதில்லை. அதனால்தான், மாநிலம் முழுவதற்கும் விளம்பரம் செய்ய வசதியில்லாத வடசென்னை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக்காரரும் தீபாவளிக்கு வானொலியில் தம் கடைப் பெயரைச் சொல்ல முடிந்தது. வணிக வானொலி உண்மையாகவே உள்ளூர் வானொலியானது அப்போதுதான் என்பேன்.

ஆனால் எங்கள் வடசென்னை அதில் வாடிக்கையாளராக ஒலித்த அளவுக்குக் குடிமக்களாக ஒலிக்கவில்லை. தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி வழங்கக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே மறு ஒலிபரப்புச் செய்ய மட்டும் 2011-ஆம் ஆண்டுக் கொள்கை இடமளித்தது. இந்தத் தடை நீங்க வேண்டும் என்று விரும்புகிறவன் நான். எனினும், போக்குவரத்து, வானிலை, குடிநீர், மின்தடை பற்றிய தகவல்களை அதே கொள்கை செய்தியாகக் கருதவில்லை. துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் எதுவரை நிற்கின்றன என்பதைக் காலை ஏழு மணிக்குச் சொல்ல எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. கடல் கொந்தளிக்கும் நாளில் காசிமேட்டு மீனவர்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுக்கவும் தடையில்லை. ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தின் செலவை ஏற்க எங்கள் பகுதிக் கடைக்காரர்கள் முன்வருவார்கள். நிலையங்கள் அவர்களிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

நன்றி, வணக்கம்.